பெற்றோரின் அனுமதி தேவை

என் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டேதான் சோறு தின்னப் பழகினார்கள். மருமகள் ஒரு கையில் கிண்ணமும் மறு கையில் போனுமாக உட்கார்ந்து ஊட்டுவாள். படம் ஓடினால் வாய் திறக்கும். படம் நின்றால் வாய் மூடிக்கொள்ளும். அப்போது அதைப் பெரிய சாமர்த்தியமாக மகனும் மருமகளும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்கள். பிறகு பெரியவள் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் வயது வந்ததும், அதே போனை அவள் கையிலிருந்து பிடுங்குவதற்குக் காசு கட்டி ஒரு காவல்காரனை வைத்தார்கள்.

காவல்காரன் என்றால் ஆள் இல்லை. போனுக்குள் உட்கார்ந்துகொண்டு, இதைப் பார்க்காதே, இந்த நேரத்துக்கு மேல் தொடாதே, இந்த ஆளோடு பேசாதே என்று பிள்ளைகளைத் தடுக்கும் ஒரு செயலி. பிள்ளை என்ன செய்கிறது, எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அப்பன் போனில் தெரியும். பிள்ளைக்குப் புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் அப்பன் போனுக்கு ஒரு கேள்வி போகும். அப்பன் சரி என்று அமுக்கினால்தான் கதவு திறக்கும்.

அந்தக் காவல்காரனை என் பேத்தி ஒரு வாரம்கூட மதிக்கவில்லை. பூட்டைத் திறக்கும் எண்ணாக அவள் அப்பன் தன் கார் நம்பரையே போட்டிருந்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதி வாசலில் நிற்கிற எண். படித்தவன். அவள் தனக்கும் தம்பிக்கும் நேரப் பூட்டைத் திறந்துகொண்டு, அப்பன் வரும் சத்தம் கேட்டதும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வாள். அவன் அதைப் பார்த்துவிட்டு ஆபீசில் போய்ப் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுவான்.

நாங்கள் இருப்பது டுரியான் துங்கால் பக்கம் ஒரு தாமானில், வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பில். நான் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. மகனைப் படிக்க வைத்தேன். அதற்கு மேல் அவனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

போன வருடம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பண்டிகைக்கு இலவசமாகச் சாமான் கூடை தருகிறார்களாம், இங்கே அமுக்கவும் என்று இருந்தது. அமுக்கினேன். கூடை வரவில்லை. அதற்குப் பதிலாக அந்தச் செய்தி என் பெயரில் என் போனில் இருந்த எல்லாருக்கும் போய்விட்டது. யாருக்கும் ஒரு சென் காசு நஷ்டமில்லை. ஆனால் எல்லாரிலும் ஒருவராகச் சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா, இருந்தார். அவர் மகனைக் கூப்பிட்டு, "என்னா மாப்ள, வீட்டுல அரிசிப் பருப்புக்கு அவ்ளோ கஷ்டமா?" என்று கேட்டுவிட்டார். அதுதான் மகனுக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலமே என் போனைக் கேட்டு வாங்கினான்.

"மா, இது உங்க சேஃப்டிக்குத் தான். இப்ப ஸ்கேம்மருங்க வயசானவங்களைத் தான் தேடிப் புடிக்கிறானுங்க."

"என்னாப்பா பண்ணப் போற?"

"பிள்ளைங்களுக்கு வாங்கினது மூணு பேருக்கு லா. ரெண்டு தான் யூஸ் பண்றோம். ஒரு எடம் சும்மா கெடக்கு. வேஸ்ட் தானே?"

இப்படியாக, சும்மா கிடந்த இடத்தில் என்னை உட்கார வைத்தான். அந்தச் செயலி பிள்ளைகளுக்கு மட்டும் செய்தது. வயதைக் கேட்ட இடத்தில் பதினேழுக்கு மேல் எழுத விடவில்லை. ஒன்பது என்று போட்டான். பதினேழு என்று போட்டிருக்கலாமே என்று மருமகள் கேட்டதற்கு, "பதினேழுன்னா ரொம்ப ஃப்ரீயா விட்டுடும். ஒம்பதுன்னா தான் கண்ட்ரோல் டைட்டா இருக்கும்" என்றான். இரண்டு பேரும் எனக்குக் காது கேட்காது என்பதுபோலப் பேசிக்கொண்டார்கள். என் போனின் முகப்பில் ஒரு கரடிக்குட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. தொப்பி போட்ட கரடிக்குட்டி. எனக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அவன் சேர்த்துவிட்ட எண்களோடு மட்டும் பேசலாம். புது எண் எதையாவது தொட்டால் கரடிக்குட்டி இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொள்ளும். அதன் கீழே தமிழில் எழுதி வரும்: பெற்றோரின் அனுமதி தேவை.

என் பெற்றோர் தோட்டத்துச் சுடுகாட்டில் இருக்கிறார்கள். அந்தச் சுடுகாட்டில் பாதியில் இப்போது செம்பனை நிற்கிறது.

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. ஒரு ஆள் முன்னால்கூடச் சரியாக வராது. கல்யாண வீட்டில் வாங்க என்று சொல்லவே தொண்டையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். எதிரே ஆள் இல்லாவிட்டால் மட்டும் எனக்குப் பேச்சு வரும். பால் வெட்டிய காலத்தில் பக்கத்து மர நிறையில் வெட்டிக்கொண்டிருந்தவளோடு அப்படித்தான் பேசினேன். மரங்களுக்கு நடுவில் அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. குரலை மட்டும் போட்டுக்கொண்டே மரத்துக்கு மரம் நகர்வோம். முப்பது வருடம் பேசியிருப்போம். பாதி நேரம் சண்டைதான்.

அவள் இப்போது சுங்கை ரம்பாயில் மகள் வீட்டில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வாயும் போயின. நாம் பேசுவது புரிகிறது. அவளால் திருப்பிப் பேச முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லிக் கொடுத்தபடி மகள் படத்தைக் காட்டி, "இது என்னா, இது என்னா" என்று கேட்பாள். அவள் வாயைத் திறக்கமாட்டாள். அவளை எனக்குத் தெரியும். பூனைப் படத்தைக் காட்டிப் பூனை சொல்லு என்றால், கங்காணிக்கே பதில் சொல்லாதவள் இதற்கா சொல்லப் போகிறாள்?

நான் குரல் பதிவு அனுப்ப ஆரம்பித்தேன். முதலில் சும்மா வீட்டுக் கதைகளைச் சொன்னேன். ஒரு நாள், தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய பழைய தண்டல் வீட்டு நாயைப் பற்றிச் சொல்லும்போது, அது கறுப்பு நாய் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அது வெள்ளை. மறுநாள் அவள் மகள் பதில் அனுப்பினாள்.

"பெரியம்மா! அம்மா கோவப்பட்டுச்சு பெரியம்மா! வெ, வென்னு என்னமோ சொல்ல வருது. கையால தட்டித் தட்டிக் காட்டுது. நீங்க என்னா சொன்னீங்க?"

அதன் பிறகு எனக்கு வழி தெரிந்துவிட்டது. தினமும் மத்தியானம் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பின்கட்டில் உட்கார்ந்து பொய் சொன்னேன். நீ என்னைவிடக் கறுப்பு என்றேன். உன் கல்யாணத்தில் ரசம் உப்பு என்றேன். நாம் பால் பிடித்த மங்குகளைத் திருடியது உன் சின்ன நாத்தனார்தான் என்றேன். அவளால் பொறுக்க முடியாது. ஒவ்வொரு பொய்யையும் அடித்துச் சொல்ல அவள் நாக்கு புரண்டது. சில மாதத்தில் 'வெள்ள' என்று முழுசாக வந்தது. பிறகு 'இல்ல' வந்தது. பிறகு ஒரு நாள் 'போடி' வந்தது. அவள் மகள் அழுதுகொண்டே அதை எனக்கு அனுப்பினாள். ஒரு போடிக்கு இரண்டு பெண்கள் இரண்டு ஊரில் உட்கார்ந்து அழுதோம்.

கரடிக்குட்டி வந்த பிறகும் இது நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரு மணி நேரம் எனக்குப் போதும். அவள் மகளின் எண்ணை மகன் ஏற்கனவே சேர்த்திருந்தான்.

பிறகு ஒரு நாள் நான் அனுப்பியது போய்ச் சேரவில்லை. மறுநாளும் சேரவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில், சுங்கை ரம்பாயில் சொந்தக்காரர் உள்ள ஒருத்தி விவரம் சொன்னாள். என்னோடு பால் வெட்டியவளின் மகள் போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். புது போன், புது எண். எண்ணைச் சொன்னாள். அங்கேயே கோயில் வாசலில் நின்று அழுத்தினேன். கரடிக்குட்டி கண்ணை மூடிக்கொண்டது.

"என்னாக்கா இது, சின்னப் பிள்ளைங்க போன் மாதிரி இருக்கு?"

"பேத்தி விளையாடிட்டா."

அவள் தன் போனையே நீட்டினாள். "இந்தாங்க, இதுல பேசுங்கக்கா." வாங்கி வாய்க்கு நேரே பிடித்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னால் எதுவும் பேச முடியவில்லை. நாளைக்கு நானே பேசுவதாகச் சொல்லிவிடு என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சொல்லியிருப்பாள். சுங்கை ரம்பாயில் ஒருத்தி நாளைக்காகக் காத்திருந்திருப்பாள்.

மகனிடம் சொன்னேன். அவன் மேசையில் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறு கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"ஒரு நம்பர் கேட்டிருக்கேன்பா. சரின்னு அமுக்கிடு."

"ம்."

"சுங்கை ரம்பாய்க்காரிதான். அவளுக்கு நான் பேசணும்."

"நாளைக்குப் பாக்குறேன்மா."

மறுநாள் அவனுக்கு மீட்டிங். அதற்கு மறுநாள் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம், "நம்பர் யாருதுன்னு வெரிஃபை பண்ணாம விட முடியாது மா, ஸ்கேம்மருங்க இப்படித்தான் தெரிஞ்சவங்க பேரைச் சொல்லிக்கிட்டு வருவானுங்க" என்று எனக்கு விளக்கம் சொன்னான். நான் யாரோ சொன்ன பெயரைக் கேட்டுக்கொண்டு வந்து நிற்கவில்லை. முப்பது வருடம் பக்கத்தில் நின்று வெட்டியவளைச் சொல்கிறேன். அவனுக்கு அவளைத் தெரியாதா? அவன் சின்னப் பிள்ளையாக ஆயாக்கொட்டகையில் காய்ச்சலில் கிடந்தபோது அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்தகத்துக்கு நடந்தவள் அவள்தான். அதற்கு அப்போது யாரும் வெரிஃபை பண்ணவில்லை.

பேத்தியிடமும் கேட்டுப் பார்த்தேன். அவள் என் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டைம் லாக்னா திறந்துடுவேன் பாட்டி. ஆளைச் சேர்க்கிறது அப்பா ஃபோன்ல மட்டும் தான் அமுக்க முடியும். நாங்க கேம் உள்ள போய் தான் சாட் பண்ணிப்போம்" என்றாள். இப்படியாக, யாருக்காக வாங்கினார்களோ அவர்களை அந்தக் காவல்காரனால் தடுக்க முடியவில்லை. வீட்டில் அதற்கு அடங்கி நடந்த பிள்ளை நான் ஒருத்திதான்.

தினமும் மத்தியானம் கேட்டேன். கரடிக்குட்டி கண்ணை மூடும், 'மீண்டும் கேள்' என்று ஒரு பொத்தான் வரும், அதை அமுக்குவேன். பதில் வராது. கோயிலில் அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தபோது, "அவங்க அம்மா இப்ப வாயே தொறக்கலையாம் அக்கா. மகள் என்னா சொன்னாலும் சுவரைப் பாத்துப் படுத்துக்குதாம்" என்றாள். நான் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில், வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடும் திறந்த இல்ல உபசரிப்பு. மகன் ஆபீஸ் ஆட்கள் வந்திருந்தார்கள். கிளேபாங்கிலிருந்து சம்பந்தி குடும்பமும் வந்திருந்தது. சம்பந்திக்கு மைக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அதற்காகவே மகன் கரோக்கே பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். என் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர். தன் போனை அதோடு இணைத்துவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

நான் அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். பாட்டுக்கு நடுவில் அவன் குரல் கேட்டது. ஆபீஸ்காரர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "எங்க வீட்டுல எல்லாம் கண்ட்ரோல் தான். என் பர்மிஷன் இல்லாம ஒண்ணும் நடக்காது. இப்பத்த பேரண்ட்ஸ்க்கு டிசிப்ளின் இல்ல லா, அதான் பிரச்சனை." அவன் மகன் அந்த நேரம் மாடிப்படிக்குக் கீழே போனோடு படுத்திருந்தான்.

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். அன்றைய கேள்வியை இன்னும் கேட்கவில்லை. போனை எடுத்து, எண்ணைத் தொட்டு, 'மீண்டும் கேள்' என்பதை அமுக்கினேன். கூடத்தில் பாட்டு சட்டென்று நின்றது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண்குரல் வீடே அதிரும்படி இங்கிலீஷில் ஏதோ அறிவித்தது. கார் ஓட்டும்போது வசதியாக இருக்கட்டும் என்று, வருகிற செய்தியையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும்படி மகன் போனில் வைத்திருந்தான். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சம்பந்தி மைக்கைப் பிடித்தபடியே கேட்டார். "என்னா மாப்ள, மூணாவது பிள்ளை பர்மிஷன் கேக்குதாம்ல?"

சிரிப்புச் சத்தம்.

"ரெண்டுன்னு தானே பாஸ் சொன்னீங்க?" என்றார் ஆபீஸ்காரர்.

"இல்ல லா, அது சிஸ்டம் ஹேங்கு. பழைய வெர்ஷன்."

பாட்டு மறுபடி ஆரம்பித்தது. நான் மறுபடி அமுக்கினேன். பாட்டு நின்றது. பெண்குரல் அதையே சொன்னது.

"மறுபடி கேக்குது லா! பாவம், பசிக்குது போல!"

"சின்ன வீட்டை எங்க மாப்ள வச்சிருக்கீங்க? மூவார் பக்கமா?"

மூன்றாவது முறை அமுக்கியபோது யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மாள் மகளைப் பார்த்து, "என்னாடி இது?" என்று கேட்கும் குரல் அடுப்படி வரை கேட்டது. மருமகளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"ஐயோ, அது அத்தை மா! அத்தை ஃபோன்! அவங்களையும் பிள்ளைங்களோட சேர்த்துப் போட்டிருக்காரு!"

"யாரு, உன் மாமியாரையா?"

"ஆமா."

"பிள்ளைன்னா? எத்தன வயசு போட்டிருக்கீங்க?"

அவள் பதில் சொன்ன சத்தம் எனக்குக் கேட்கவில்லை. சம்பந்தி திருப்பிச் சொன்னது மைக்கில் கேட்டது. "ஒம்பதா!" பிறகு, "மாப்ள, நாலாவதா எனக்கும் ஒரு எடம் போட்டு வைங்க. உங்க அத்தை தொல்லை தாங்கல, என் ஃபோனையும் லாக் பண்ணிடுங்க" என்றார்.

நான் நாலாவது முறையும் அமுக்கினேன்.

மகன் அடுப்படிக்கு வந்தான். முகம் சிவந்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம்மா ஆளுங்க முன்னால இப்படிப் பண்றீங்க? கேட்டா செய்ய மாட்டேனா?" என்றான்.

கேட்டால் செய்யமாட்டானா. போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினேன். கரடிக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அவன் தன் போனை எடுத்து ஒரு விரலால் ஒரு முறை தொட்டான். இருமி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் மீட்டிங், இதற்குத்தான் கார், இதற்குத்தான் வெரிஃபை.

"டன். சந்தோஷமா?"

பின்கட்டுக்குப் போனேன். துணிக்கொடிக்குக் கீழே நின்றுகொண்டு அவளோடு பேசினேன். தண்டல் வீட்டு நாய் கறுப்பு, நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன், நீதான் மறந்துவிட்டாய் என்றேன். காத்திருந்தேன். ஆட்களெல்லாம் கிளம்பிப் போனார்கள். பதில் வரவில்லை.

மறுநாள் அவள் மகள் பேசினாள். "அம்மா கேட்டுச்சு பெரியம்மா. ஆனா மொகத்தைத் திருப்பிக்கிச்சு. நீங்க மறந்துட்டீங்கன்னு நெனைச்சிருச்சு போல. வெள்ளன்னு சொன்னுச்சே, அது இப்ப வரல. பயிற்சிக்காரம்மா, விட்டுட்டா போயிடும், மறுபடி மொதல்லேர்ந்து தான்னு சொல்றாங்க."

'இல்ல' போய்விட்டது. 'போடி'யும் போய்விட்டது. மாதக்கணக்கில் பொய் சொல்லிச் சேர்த்தது எல்லாம், ஒருவன் ஒரு விரலை நகர்த்தச் சோம்பல் பட்டதில் போய்விட்டது. அவனிடம் அதைச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். "அய்யோ, சாரி மா" என்று சொல்லிவிட்டு, எனக்கு இனிமேல் இரண்டு மணி நேரம் என்று கூட்டிக் கொடுத்தான். கரடிக்குட்டியை எடுக்கவில்லை. இன்னும் ஆறு மாதத்துக்குக் காசு கட்டியிருக்கிறானாம்.

அந்த வாரமே, மூன்றாவது பிள்ளைக் கதையை யாரிடமோ போனில் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சொல்லும்போது அதில் அவன்தான் கெட்டிக்காரன். அவன் அம்மா ஒரு குறும்புக்காரக் கிழவி. சுங்கை ரம்பாய்க்காரி அந்தக் கதையில் இல்லவே இல்லை.

நான் தினமும் பேசுகிறேன். முதல் வாரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. அவள் முகம் சுவர்ப்பக்கம் இருந்ததாக மகள் சொன்னாள். சுவருக்கும் காது கேட்கட்டும் என்று பேசினேன். பிறகு பொய்யைப் பெரிதாக்கினேன். தண்டல் வீட்டில் நாயே கிடையாது, அது ஆடு என்றேன். நேற்று ஒரு பதிவு வந்தது. நெடுநேரம் ஒன்றும் இல்லை. படுக்கை கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்த மாதிரி, "ம்ஹ்ம்" என்று ஒரு சத்தம். சொல் இல்லை, ஆனால் ஒப்புக்கொள்கிற சத்தமும் இல்லை. நாலு முறை போட்டுக் கேட்டேன்.

ஐந்தாம் முறை கேட்கும்போது மகன் பின்கட்டுப் பக்கம் வந்தான். செருப்பைத் தேடினான். "யாரு மா, அந்த சுங்கை ரம்பாய் ஆன்ட்டியா? நான் ஹாய் சொன்னேன்னு சொல்லுங்க" என்று தன் போனைப் பார்த்தபடியே சொல்லிவிட்டுப் போனான்.

அவன் கார் கிளம்பும் வரை பொறுத்திருந்துவிட்டு, அந்த ஆட்டுக்குக் கொம்பு இருந்தது என்று அவளுக்குச் சொன்னேன். ஹாயைச் சொல்லவில்லை.